தோற்றவருக்கு ஒட்டும் குணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெதர்லாந்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் ஆபீஸில் சைக்கிள் பந்தயப் பேச்சுதான். ஃப்ளாண்டர்ஸ், ரூபே மாதிரியான ஒருநாள் பந்தயங்களுக்கு ஆளுக்குப் பத்து யூரோ போட்டு, ஜெயிக்கப்போகிறவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். நான் எப்போதும் பெல்ஜிய வீரர் வவுட் வான் ஆர்ட் பெயரைத்தான் எழுதுகிறேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், நல்ல மனிதர் என்பதுதான். அவரோடு மோதும் மாத்யூ வான் டெர் பூலிடம் ஒரு திமிர் தெரிகிறது, எனக்கு ஒட்டவில்லை. ‘நல்லவராக இருப்பதால்தான் உன் ஆள் தோற்கிறார், இந்த ஆட்டத்துக்கு நெஞ்சில் கொஞ்சம் ஈரமில்லாமல் இருக்கவேண்டும்’ என்கிறார்கள் டச்சு நண்பர்கள். குணத்தை வைத்து முடிவைச் சொல்லிவிட முடியுமா? அடுத்த முறை பத்து யூரோவை யார் மேல் கட்டுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் நண்பர்களிடம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அவர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் வான் டெர் பூல் பிறந்தது பெல்ஜியத்தில். டச்சுக் கொடியில் ஓட்டுகிறார், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு நேரம் நன்றாகப் போகும்.

உங்கள் கேள்விக்கு வான் ஆர்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். 2023 மார்ச்சில் கெண்ட்–வெவெல்கெம் பந்தயம். மழை. வான் ஆர்ட்டும் அதே அணியின் கிறிஸ்டோஃப் லபோர்ட்டும் கூட்டத்தை உதறிவிட்டு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் இருவராகவே ஓட்டி வந்தார்கள். முடிவுக்கோட்டுக்கு வந்ததும் வான் ஆர்ட் வெற்றியை லபோர்ட்டுக்கு விட்டுக்கொடுத்தார். பெரிய மனசு என்றார்கள். இப்படி விட்டுக்கொடுத்தால் எங்கே உருப்படுவது என்றும் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2025 ஏப்ரல் 2, வாரெகெம் ஊரில் முடியும் ட்வார்ஸ் டோர் ஃப்ளாண்டரென். முந்தைய வருடம் இதே பந்தயத்தில்தான் வான் ஆர்ட் விழுந்து காறை எலும்பு, மார்பெலும்பு, விலா எல்லாம் உடைத்துக்கொண்டு, ஃப்ளாண்டர்ஸும் ரூபேயும் கைநழுவிப் படுத்திருந்தார். இந்த முறை கடைசிக் கட்டத்தில் முன்னால் இருந்தது நாலே பேர். வான் ஆர்ட், டீஸ் பெனோட், மேட்டியோ ஜோர்கன்சன் மூவரும் ஒரே அணி. நாலாவது ஆள் அமெரிக்காவின் நீல்சன் பவ்லெஸ். மூன்றுக்கு ஒன்று. இந்த நிலையில் என்ன செய்யவேண்டும் என்பது சைக்கிள் உலகில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் பாய்ந்து ஓடவேண்டும், பவ்லெஸ் துரத்திப் பிடித்ததும் அடுத்தவர் பாயவேண்டும், அவரையும் பிடித்தால் மூன்றாமவர். ஏதோ ஒரு பாய்ச்சலில் ஆள் சுருண்டுவிடுவார். மூவரும் அதைச் செய்யவில்லை. மாறி மாறி முன்னால் நின்று காற்றைக் கிழித்து, பவ்லெஸையும் சேர்த்தே கோடுவரை இழுத்து வந்தார்கள். பின்சக்கரத்தில் ஒட்டி வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஸ்பிரிண்டில், அதாவது கோட்டருகே முழுவேகத்தில் பாயும் கடைசிப் பாய்ச்சலில், வான் ஆர்ட்தான் வேகம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பவ்லெஸ் அவரைத் தாண்டிப்போய்விட்டார்.

பந்தயம் முடிந்ததும் வான் ஆர்ட் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். ஸ்பிரிண்டுக்கு விடச் சொன்னது நான்தான், சுயநலமாக யோசித்துவிட்டேன் என்ற பொருளில் பேசினார். 2023இல் விட்டுக்கொடுத்ததால் உருப்படாதவர், 2025இல் விட்டுக்கொடுக்காததால் சுயநலக்காரர். ஆள் என்னவோ ஒருவர்தான். பவ்லெஸ் அரைச் சக்கரம் பின்தங்கியிருந்தால் அதே சுயநலத்துக்கு மறுநாள் பத்திரிகையில் ‘வெறி’ என்று பெயர் வந்திருக்கும், ‘மீண்டு வந்தார்’ என்று படம் போட்டிருப்பார்கள். குணம் என்று நாம் சண்டை போடுவதில் முக்கால்வாசி இப்படி முடிவு தெரிந்தபின் ஒட்டுவது. அதை முன்கூட்டியே சீட்டில் எழுதப் பார்த்தால் பத்து யூரோ போகத்தானே செய்யும்?

(அந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த உத்தியும் எப்போதும் பலிப்பதில்லை. 2015இல் பெல்ஜியத்தின் ஓம்லூப் பந்தயத்தில் இதே மூன்றுக்கு ஒன்று. டாம் போனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டைன் வாண்டன்பெர்க் ஒரு பக்கம், எதிரே பிரிட்டனின் இயான் ஸ்டானர்ட். போனன் பாய்ந்தார். ஸ்டானர்ட் பிடித்தார். பிடித்ததோடு நிற்காமல் அவரே பாய்ந்து, கூடவே வந்த டெர்ப்ஸ்ட்ராவையும் ஸ்பிரிண்டில் முடித்துவிட்டார்.)

வான் டெர் பூலின் திமிருக்கு வருவோம். 2021 ஃப்ளாண்டர்ஸ். 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டு அவரும் டென்மார்க்கின் காஸ்பர் ஆஸ்கிரீனும் மட்டும் கோட்டுக்கு வருகிறார்கள். இருவரில் ஸ்பிரிண்டர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எழுந்துபோய்க் காபி கலக்க ஆரம்பித்துவிட்டேன். திரும்பி வந்தால் வான் டெர் பூல் கடைசி மீட்டர்களில் தலை தொங்கிப்போய் மிதிப்பதையே நிறுத்தியிருந்தார். ஆறு மணி நேரம் ஓட்டியபின் வரும் ஸ்பிரிண்ட் வேறு வகை. அதில் வேகத்தைவிட, காலில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

மறுவருடம் அதே சாலை, இப்போது எதிரே ஸ்லோவேனியாவின் டடேய் பொகாச்சர். கடைசிக் கிலோமீட்டரில் வான் டெர் பூல் முன்னால் இருந்துகொண்டே வேகத்தைக் குறைத்தார், குறைத்தார், கிட்டத்தட்ட காய்கறி வாங்கப் போகிறவர் வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பின்னால் துரத்தி வந்த இருவர் நெருங்கிவிட்டார்கள். அவர்கள் வந்து முட்டும் நேரம் பார்த்துப் பாய்ந்தார். வெற்றி. பொகாச்சர் இடையில் மாட்டிக்கொண்டு நாலாவது. திரையில் பார்த்தால் அசல் திமிர்தான். எனக்கு அது சூடுபட்ட பூனையாகத் தெரிந்தது. முந்தைய வருடம் நீள ஸ்பிரிண்டில் தோற்றவர், இந்த வருடம் ஸ்பிரிண்டையே சுருக்கிவிட்டார்.

இந்தக் குணச் சண்டை அவர் வீட்டிலேயே தொடங்கியது என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய அம்மாவின் அப்பா ரேமோன் புலிதோர். டூர் டி பிரான்ஸில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் பனியனை ஒருநாள்கூடப் போடாதவர், ‘நித்திய இரண்டாமவர்’ என்று பெயர் வாங்கியவர். ஜெயித்துக்கொண்டே இருந்த ஜாக் அன்கெத்தீலை மரியாதையோடு தள்ளிவைத்துவிட்டு, 1960களில் பிரான்ஸின் பாதி புலிதோர் மேல் உயிராக இருந்தது. புலிதோர் 1961இல் மிலான்–சான் ரெமோ என்ற ஒருநாள் பந்தயத்தை வென்றவர், 1964இல் ஸ்பெயின் சுற்றையும். பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். நீங்கள் வான் ஆர்ட்டை நேசிப்பதும் அந்தப் பழைய நேசத்தின் வகைதான் என்று நினைக்கிறேன். தமாஷ் என்னவென்றால், அந்தத் தாத்தாவின் பேரனைத்தான் திமிர் பிடித்தவர் என்கிறீர்கள்.

கணிப்பு என்று வந்தால் நான் பார்ப்பது வேறு. ஃப்ளாண்டர்ஸில் கோப்பன்பெர்க் ஏற்றத்துக்கு முன்னால் முதல் இருபது பேரில் யார் இருக்கிறார் என்று பார்ப்பேன். ஒடுங்கிய கல்பாதை, செங்குத்தான இடத்தில் 22 சதவீதம். முன்னால் ஒருவர் கால் ஊன்றினால் பின்னால் வரும் அத்தனை பேரும் இறங்கித் தள்ளவேண்டியதுதான். 2024இல் மழையில் அதுதான் நடந்தது. வான் டெர் பூல் இறங்காமல் ஏறினார், மீதி தூரத்தைத் தனியாக ஓட்டி வென்றார். சான் ரெமோவை நான் கணிப்பதே இல்லை. காசை வேறு எதற்காவது வையுங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் 2016 ரூபேயில் நான் எழுதி வைத்த பெயர்கள் அப்போதைய நட்சத்திரங்கள் கான்சலாரா, சாகன். ஒரு விபத்தில் கூட்டம் உடைந்து இருவரும் பின்னால் மாட்டினார்கள். துரத்தும்போது மோன்ஸ்-ஆன்-பெவேல் கற்களில் கான்சலாரா சறுக்கி விழ, சாகன் அவர் சைக்கிள்மேலேயே ஏறித் தப்பினார். முன்னால், பந்தயம் முடியும் ரூபே மைதானத்துக்குள் ஐந்து பேர் வந்தார்கள். அதில் போனன் இருந்தார். ஏற்கெனவே நாலு முறை வென்றவர், ஐந்தாவது வந்தால் யாரும் தொடாத சாதனை. அவரை முந்திக் கோட்டைத் தொட்டது 37 வயது ஆஸ்திரேலியர் மாத்யூ ஹேமன். ஆறு வாரத்துக்கு முன் கை முறிந்து, வீட்டுக் கராஜில் நிற்கும் சைக்கிளை மிதித்துத் தேறியவர். காலையிலேயே முன்னால் ஓடிய கூட்டத்தில் இருந்ததால் விபத்து எதுவும் அவரைத் தொடவில்லை. கோட்டைத் தாண்டியபின் அவர் முகத்தைப் பாருங்கள், அங்கே சந்தோஷம் வர நேரம் பிடிக்கிறது. அதற்குள் நான் போனை எடுத்து, யார் இந்த ஹேமன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே பத்து யூரோவை வான் ஆர்ட் மேலேயே கட்டுங்கள், ஆபீஸில் ஒருவராவது பிடித்தவர் பெயரை எழுதட்டும். நான் யார் பெயரை எழுதுவேன் என்று கேட்பீர்களானால், பந்தயத்தன்று காலையில் அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பார்த்துவிட்டுத் தப்பாக ஒன்று சொல்கிறேன்.