மாலைதீவில் சுறாக் கல்லில் சுழியோடலாமா?

கேள்வி: பாசிக்குடாவில் சுழியோடப் பழகி ஓப்பன் வோட்டர் என்ற ஆரம்பநிலைச் சுழியோடி அட்டை எடுத்தேன். பிறகு இறங்கவேயில்லை. அடுத்த மாதம் மாலைதீவு போகிறேன். சுறாக்கள் நிற்கும் மாயா திலாவில் இறக்குவதாகத் தரகர் சொல்கிறார். சுறா கடிக்குமா? – வாசகர், கல்லடி

பதில்: சுறாவுக்குப் பயப்பட வேண்டாம். அங்கே பெரும்பாலும் காண்பது வெள்ளைமுனைச் சுறா. பகலில் மணலில் படுத்துக் கிடக்கும். சாம்பல் சுறா வந்து, முதுகை வளைத்து, நெஞ்சுச் செட்டைகளைக் கீழே இறக்கி, உடம்பை முறுக்கி நீந்தினால் விலகச் சொல்கிறது என்று அர்த்தம். துரத்தாமல், அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள்.

ஆபத்து நீரோட்டத்தில்தான். திலா என்பது கடலுக்குள் தனியே எழும்பி நிற்கும் கல். மாயா திலாவின் உச்சி ஏறக்குறைய 6 மீற்றரில், அடி 30 மீற்றரளவில். முகத்துவாரம் வெட்டிவிட்ட நாட்களில் கல்லடிப் பாலத் தூணில் தண்ணீர் மோதிப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள், இங்கும் அதேதான். மோதும் பக்கத்தில் சுறா நிற்கும், மறைவுப் பக்கம் தண்ணீர் அடங்கியிருக்கும். உங்களுக்கு மறைவுப் பக்கமே போதும், அதுவும் 18 மீற்றருக்குள். விளிம்பில் உங்கள் மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்கினால் தண்ணீர் உங்களையும் இழுக்கிறது. நேர்மேலே உதைத்து நீந்தினால் காற்றுத்தான் தீரும். கல்லை ஒட்டுங்கள், முடியாவிட்டால் குறுக்கே நீந்தி விலகுங்கள்.

சிலிண்டரின் காற்றழுத்தம் 80 பாருக்கு (மானியில் காட்டும் அளவு) இறங்கியதும் மேலேறத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். 50 பார் மிச்சத்தோடு படகுக்கு வர வேண்டும். துணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் மட்டும் தேடிவிட்டு மேலே வாருங்கள். ஊதிப் பிடிக்கும் அடையாள மிதவையும் விசிலும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் ஒன்று இருப்பது உங்களுக்கு உதவாது, ஏனென்றால் அடித்துக்கொண்டு போகப்போவது நீங்கள்.

இனித் தரகர். நான்கே நான்கு கடல் இறக்கத்தோடு அட்டை கொடுத்து, அதற்குக் காலாவதித் திகதியும் போடாத முறை இது. அந்த ஓட்டையில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். "அட்டை இருந்தால் போதும்" என்பவரை நம்பாதீர்கள். முதல் நாள் தங்குமிடத்துக்கு முன்னாலுள்ள ஆழம் குறைந்த கல்லில், பயிற்றுநரோடு மீள்பயிற்சி இறக்கம் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் முற்பணம் கட்டாதீர்கள். மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுத் தருவதும் அவர்களுடைய வழக்கம். ஆஸ்துமா, காது, இருதயக் கேள்விகளை நீங்களே வாசித்து நிரப்புங்கள்.

அடுத்த பொறி, கடைசி நாள் காலையில் ஓர் இறக்கம். பல நாள் சுழியோடினால் கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணித்தியாலம் வேண்டும். ஒரு முழுநாள் விட்டால் இன்னும் நல்லது. மாயா திலா இருக்கும் அரி அட்டோல் என்ற பவளத்தீவுக் கூட்டத்திலிருந்து மாலே வரும் கடல் விமானமும் விமானம்தான். "தாழப் பறக்கும், பரவாயில்லை" என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். காற்றழுத்தம் குறையும்போது இரத்தத்தில் மிச்சமிருக்கும் நைதரசன் குமிழியாகி மூட்டிலோ முள்ளந்தண்டிலோ அடைக்கும். ஸ்பீட் போட்டில் மாலே வந்தால் அந்த வழிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, கடல்மட்டத்திலேயே வருகிறீர்கள். ஆனால் மாலேயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு அதே 18 மணித்தியாலம் பொருந்தும். ரிக்கெற் போடும் முன்பே இந்தக் கணக்கைப் பாருங்கள். பிறகு திகதி மாற்றக் காசு கேட்பார்கள்.