என் லினக்ஸ் கணினிக்குள் வெளியாள் யாரும் வர முடியாது. 'லோக்கல் பிரிவிலேஜ் எஸ்கலேஷன்' ஓட்டைகளுக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

தனியாள் லேப்டாப் என்றால் அவசரம் கொஞ்சம் குறைவு. எங்கள் கதை வேறு. கோத்தகிரியில் ஏழு பேர் அலுவலகம். ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யுபிஎஸ்ஸோ ஒன்றுதான். அதில் மாட்டிய ஒரே டெபியன் சர்வருக்குள் எல்லோரும் எஸ்எஸ்எச் வழியாக வந்து வேலை பார்ப்போம். பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கணக்கு உண்டு. 'லோக்கல்' என்றால் இப்படி ஏற்கெனவே உள்ளே இருப்பவர். 'பிரிவிலேஜ் எஸ்கலேஷன்' என்றால் அவர் தனக்கில்லாத அதிகாரத்துக்கு, ரூட் (முழு அதிகாரக் கணக்கு) வரைக்கும், ஏறிவிடுவது.

நாங்கள் பேக்கேஜ்களை பில்ட் செய்வது (சோர்ஸிலிருந்து மென்பொருளை உருவாக்குவது) கீக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரில். (ஜி-யு-ஐ-எக்ஸ் என்று எழுதுவார்கள், வாசிப்பது கீக்ஸ்.) யார் கேட்டாலும் பில்ட் செய்து கொடுப்பது ரூட்டாக ஓடும் ஒரு டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்). அது நிக்ஸ் என்ற இன்னொரு பேக்கேஜ் மேனேஜரிலிருந்து வந்தது. அதனால் 2024 மார்ச்சில் வெளியான சிவிஇ-2024-27297 என்ற ஓட்டை பங்காளிச் சொத்து மாதிரி இரண்டுக்கும் பொது.

சோர்ஸ் கோப்பை இணையத்திலிருந்து இறக்கும் பில்டுக்கு மட்டும் நெட்வொர்க் திறந்திருக்கும், கடைசியில் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) சரிபார்ப்பார்கள். அந்த பில்ட், கோப்பின் ஃபைல் டிஸ்கிரிப்டரை (திறந்த கோப்பின் பிடியை) யூனிக்ஸ் சாக்கெட் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் இணைப்பு) வழியாக வெளியே இருக்கும் கூட்டாளி நிரலிடம் கொடுத்துவிடலாம். இலைச் சாக்கை எடை போட்டு, சீட்டும் எழுதியாயிற்று, ஆனால் ஒருவன் கை இன்னும் சாக்குக்குள்ளேயே இருக்கிறது. கொழுந்தை எடுத்துவிட்டு முற்றலைத் திணிக்க வேண்டியதுதான். அந்தக் கோப்பை நம்பி எடுத்துப் பயன்படுத்துவது மற்ற ஆறு பேர்.

செய்தி வந்த அன்றே 'கீக்ஸ் புல்' (கீக்ஸைப் புதுப்பிக்கும் கட்டளை) அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அக்டோபரில் அதே டீமனில் செட்யுஐடி கோப்புகளை (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுபவை) வைத்து இன்னொரு ஓட்டை வந்தது. சந்தேகப்பட்டு ரூட்டாகி 'கீக்ஸ் டிஸ்க்ரைப்' போட்டால் ஜனவரித் தேதி காட்டுகிறது! நான் அடித்த புல் என் கணக்கின் கீக்ஸை மட்டும்தான் புதுப்பித்திருக்கிறது. டீமன் ஓடுவது ரூட்டின் கீக்ஸிலிருந்து. ஆக ஏழு மாதம் ஓட்டையோடுதான் ஓடியிருக்கிறது. டெபியன், உபுண்டு மேல் கீக்ஸ் வைத்திருப்பவர்கள் ரூட்டாகவும் புல் செய்து, டீமன் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2025 ஜூனிலும் நிக்ஸ், கீக்ஸ் இரண்டுக்கும் புதிய ஓட்டைகள் வெளியாயின, அதற்கும் இதே வேலைதான்.

அப்புறம், நடுவில் யாராவது கோப்பை மாற்றியிருப்பார்களோ என்று 'கீக்ஸ் ஜிசி வெரிஃபை' கட்டளையை 'கன்டென்ட்ஸ்' என்று சேர்த்து இரவில் ஓடவிட்டேன். ஸ்டோரில் (பில்ட் ஆனவற்றை கீக்ஸ் வைக்கும் இடம்) உள்ள ஒவ்வொன்றின் ஹாஷையும் பதிவோடு ஒப்பிடும். விடிந்தும் முடியவில்லை. பயிற்சிக்கு வந்த பையன், "அண்ணா, சர்வர் ஏன் இப்படி இழுக்குது?" என்றான். உன்மேல் சந்தேகம் தம்பி என்றா சொல்வது? டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவினேன். மதியம் முடிந்தது. ஒன்றும் மாறியிருக்கவில்லை.