வேதமும் புடவையும்: வாசகியர் கேள்விகள்

உடையைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை 'இதை உடுத்தலாமா, கூடாதா' என்ற ரகம்தான். வேதத்தில் கூடாது என்று சொல்லும் வசனங்கள் கொஞ்சம். யாரோ யாருக்கோ உடுத்திவிடும் இடங்கள்தான் அதிகம். ஏதேனிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்துக்கொண்டார்கள், தோட்டத்தை விட்டு அனுப்புவதற்கு முன் தேவனே அவர்களுக்குத் தோல் உடைகளை உடுத்தினார் (ஆதியாகமம் 3:21). கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வாழ்க்கைப்பட்ட வீடு பெந்தெகொஸ்தே. கம்மலைக் கழற்றினால்தான் பரிசுத்தம் என்று மாமியார் 1 பேதுரு 3:3-ஐக் காட்டுகிறார். என்ன செய்வது?

பெண்ணுக்கு வெளி அலங்காரம் வேண்டாம் என்று சொல்லும் அந்த வசனத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வருகின்றன: மயிரைப் பின்னுதல், பொன்னாபரணம், உயர்ந்த வஸ்திரம். சடை பின்னக்கூடாது என்று உங்கள் மாமியார் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். 1 தீமோத்தேயு 2:9-லும் இதே வரிசைதான், முத்தும் சேர்ந்து. அன்றைய ரோமப் பேரரசில் பணக்காரப் பெண்களின் தலை அலங்காரம் அடுக்கடுக்காக இருக்கும். அதைச் செய்துவிட வீட்டில் அடிமைப் பெண்கள் இருப்பார்கள். அந்த எஜமானியும் அந்த அடிமையும் ஒரே சபையில் உட்கார வேண்டும். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையை யாக்கோபு 2-ஆம் அதிகாரம் கடிந்துகொள்வதையும் சேர்த்து வாசித்தால் விஷயம் புரியும்.

நகையே பாவம் என்றால் ரெபெக்காளுக்குக் கிடைத்த பொன் காதணியையும் கடகங்களையும் (ஆதி. 24) என்ன செய்வது? எசேக்கியேல் 16-இல் பெண்ணாக உருவகிக்கப்படும் எருசலேமின் கையில் கடகத்தையும் கழுத்தில் சரப்பணியையும் (சங்கிலி) போட்டுவிடுவது தேவன்தான். ஏசாயா 3 சீயோன் குமாரத்திகளின் நகைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுக் கண்டிப்பது உண்மை. ஆனால் அதற்குச் சற்று முன்னே, ஏழையிடம் கொள்ளையிட்ட பொருள் உங்கள் வீடுகளில் இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு போய் வளையலில் மட்டும் நிற்கக்கூடாது.

அதே சமயம், உங்கள் மாமியாரின் மரபை நான் குறைவாக நினைக்கவில்லை. எல்லாக் காதும் வெறுங்காதாக இருக்கும் சபையில், கவரிங் தவிர வேறு இல்லாத ஏழைப் பெண் கூச வேண்டியதில்லை. நல்ல சாட்சி அது. இரட்சிப்புக்கு நிபந்தனை அல்ல, அவ்வளவுதான். காதிலிருந்து இறங்கிய பொன் லாக்கரில் ஏறி, மகள் கல்யாணப் பேச்சில் 'இத்தனை பவுன்' என்று திரும்பி வந்தால் அந்தச் சாட்சியும் போய்விடும். வாதாட வேண்டாம், கணவரை அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். கழற்றுவதாக இருந்தால் நீங்களே மனமுவந்து கழற்றுங்கள்.

கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கலர் சேலை கட்டி ஆராதனைக்குப் போனேன். 'விதவை இப்படியா வருவது' என்று ஒரு மூத்த அம்மா கேட்டார். வேதத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா?

இல்லை. தாமார் விதவை வஸ்திரம் உடுத்தியிருந்தாள் (ஆதி. 38) என்பதால் அப்படி ஒரு வழக்கம் இருந்தது தெரிகிறது. ஆனால் இன்ன நிறம், இத்தனை வருடம் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் எங்கும் சொல்லவில்லை. விதவையின் உடையைப் பற்றி அது போடும் கட்டளை கடன் கொடுக்கிறவனுக்கு: அவள் வஸ்திரத்தை அடகாக வாங்காதே (உபாகமம் 24:17).

ரூத்தும் விதவைதான். குளித்து, எண்ணெய் பூசி, உன் வஸ்திரங்களை உடுத்திக்கொள் என்று அவளிடம் சொன்னது யார்? மாமியார் நகோமி, அவளும் விதவை. அப்புறம் யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துப் பாருங்கள் (அப்போஸ்தலர் 9). அவள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதார்கள். விதவையின் உடை விஷயத்தில் சபையின் மூத்த பெண்களுக்கு வேலை இருக்கிறது. தைத்துக் கொடுக்கலாம், வாங்கிக் கொடுக்கலாம்.

வெள்ளைச் சேலை நம் ஊர் வழக்கம். விரும்பிக் கட்டுகிறவர் கட்டட்டும். நீங்கள் கலர் சேலையிலேயே போங்கள். ஒடுங்கின ஆவிக்குப் பதிலாகத் துதியின் உடையைக் கொடுப்பதாக ஏசாயா 61:3 சொல்வது துயரப்படுகிறவர்களுக்குத்தான்.

பெங்களூரில் நான் போகும் சபையில் யாரும் முக்காடு போடுவதில்லை. ஊருக்கு வந்தால் அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிடுகிறார். எது சரி?

ஜெபிக்கும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று வருவது 1 கொரிந்தியர் 11-இல். அதை எழுதும்போது பவுலின் முன் இருந்தது ரோமர்கள் குடியேற்றிய கொரிந்து நகரம். மணமான, மதிப்புள்ள பெண் வெளியே வரும்போது தலையை மூடிக்கொள்வது அங்கே மரியாதை. சபைக்குள் பெண்கள் சத்தமாக ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். இந்த அதிகாரத்தில் பவுல் அதை நிறுத்தவில்லை. எப்படிச் செய்வது என்றுதான் பேசுகிறார். முக்காடு அந்த ஊரில் மரியாதையின் அடையாளம் என்றால், நம் கிராமத்திலும் பல இடங்களில் அப்படியே. ஊரில் போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு நிம்மதி. பெங்களூரில் உங்கள் மனச்சாட்சிப்படி நடங்கள். எனக்கு உறுத்துவது வேறு: முக்காட்டை வலியுறுத்தும் சபைகள் பலவற்றில், அந்த முக்காட்டோடு எழுந்து நின்று ஜெபிக்கப் பெண்ணுக்கு வாய்ப்பே தருவதில்லை.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம். 'வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) வந்ததால்தான் நமக்கு ரவிக்கை' என்று பாட்டி சொல்வார். உண்மையா?

பெரும்பகுதி உண்மை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேல்சாதியார் முன் மார்பை மூடக்கூடாது என்று இருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) போடலாம் என்று உத்தரவு வந்தது. பெண்கள் அதோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்கள் போடுவதைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1822-இல் கலவரம் தொடங்கியது. சந்தையில் சீலையைக் கிழித்தார்கள், ஆலயங்களையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்று 1829-இல் அரசு அறிவித்தது. 1858-59-இல் மறுபடியும் பெரிய கலவரம். கடைசியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா மார்பை மூட அனுமதித்தார், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு.

பாட்டி சொல்வதில் நான் ஒன்றைச் சேர்ப்பேன். மிஷனரிகள் துணை நின்றார்கள். சந்தையில் அடி வாங்கியது நம் பெண்கள். கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களும் இதற்காகப் பாடுபட்டார்கள்.

அடக்கமான உடை என்று இன்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அன்றைய சட்டப்படி மார்பைத் திறந்து நிற்பதுதான் அந்தப் பெண்களின் 'அடக்கம்'. யோசேப்பின் அங்கியை உரிந்த சகோதரர்களும், இயேசுவின் உடைக்குச் சீட்டுப்போட்ட சேவகரும், சந்தையில் சீலையைக் கிழித்தவர்களும் எனக்கு ஒரே கூட்டமாகத்தான் தெரிகிறார்கள்.

மகளுக்குக் காவல்துறையில் வேலை. பேண்ட் சீருடை. ஆணின் உடையைப் பெண் உடுத்தக்கூடாது என்னும் உபாகமம் 22:5 உறுத்துகிறது.

அதே அதிகாரத்தில் ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த துணி வேண்டாம் என்றும், மேல்சட்டையின் நான்கு ஓரத்திலும் தொங்கல் வேண்டும் என்றும் இருக்கிறது. அதையெல்லாம் நாம் யாரும் பார்ப்பதில்லை. பெண் காவலரின் சீருடை பெண்ணுக்கென்றே தைத்தது. அவரை யாரும் ஆண் என்று நினைக்கப்போவதில்லை. தைரியமாக அனுப்புங்கள். போர்ச்சேவகர் வந்து 'நாங்கள் என்ன செய்யவேண்டும்' என்று கேட்டபோது யோவான்ஸ்நானன் சீருடையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒருவரையும் இடுக்கண் செய்யாதீர்கள், சம்பளமே போதும் என்றிருங்கள் என்றார் (லூக். 3:14). அதை மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கனவில் அழுக்கு உடையோடு நிற்கிறேன். சாபமா?

சகரியா 3-ஐ வாசியுங்கள். பிரதான ஆசாரியனாகிய யோசுவாவே அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். அவனைக் குற்றம் சாட்டுகிறவன் சாத்தான். மாற்று உடை கொடுக்கச் சொல்கிறவர் கர்த்தர். சாபம் முறிக்கிறேன் என்று காணிக்கை கேட்கிறவர்களிடம் போக வேண்டாம்.

மகள் கல்யாணத்துக்குச் சரிகைப் பட்டு எடுக்க ஆசை. ஆடம்பரமா?

சங்கீதம் 45-இல் வரும் மணப்பெண்ணின் உடையே பொற்சரிகைதான். சந்தோஷமாக எடுங்கள், கடன் வாங்காமல்.