ஏ.சி.எல். ஆபரேஷன்: ஒரு தசைநார் போதுமா, இரண்டு வேண்டுமா?

கேள்வி: வயது 24. டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணிக்குக் கபடி ஆடுவேன். மூன்று மாதம் முன்பு ஆட்டத்தில் வலது முழங்கால் திரும்பி, மூட்டுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நரம்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு மருத்துவர் ஒன்று போதும் என்கிறார், இன்னொருவர் இரண்டு எடுக்க வேண்டும் என்கிறார். நண்பருக்குக் கணுக்கால் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். எதை நம்புவது?

பதில்: முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். எடுக்கப்போவது நரம்பு அல்ல, தசைநார். தசையை எலும்போடு பிடித்துவைக்கும் கயிறு. அதனால் கால் மரத்துப்போய்விடாது. வெட்டும் இடத்தில், முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அளவுத் தோல் மட்டும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அங்கே மெல்லிய தோல் நரம்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது. பலருக்கு அந்த மரத்த இடம் நாளாவட்டத்தில் சுருங்கும், சிலருக்கு அப்படியே நிற்கும்.

முழங்காலின் உள்பக்கத்தில், கீழ்க்கால் எலும்பின் மேல் மூன்று தசைநார்கள் வந்து சேருகின்றன. விரிந்த வாத்துப் பாதம் போல இருப்பதால் லத்தீனில் அந்த இடத்துக்கு வாத்துக்கால் என்றே பெயர். மூன்றில் சார்ட்டோரியஸைத் தொடுவதில்லை. கிராசிலிஸ் மெலிந்தது. செமிடெண்டினோசஸ் தடித்தது, நீளமானது. உங்கள் இரு மருத்துவர்களும் இந்தக் கடைசி இரண்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தால் நாலு இழை. இது பழைய, நன்கு பழகிய முறை. செமிடெண்டினோசஸை மட்டும் எடுத்து நாலாக மடித்தாலும் நாலு இழைதான், ஆனால் கயிறு குட்டையாகிவிடும். நாலாக மடித்த பிறகு ஏழு செ.மீ. மிஞ்ச வேண்டுமானால் தசைநார் 28 செ.மீ. அளவுக்காவது இருக்க வேண்டும். குள்ளமானவர்களுக்கு அவ்வளவு கிடைக்காமல் போகலாம். குட்டைக் கயிற்றை எலும்புக்கு வெளியே பட்டன் வைத்து நூலில் தொங்கவிட்டு இறுக்குவார்கள்.

எதற்காக ஒன்றை மிச்சம் பிடிக்க வேண்டும்? குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டம் வரை கொண்டுபோகும் அந்தக் கடைசி மடிப்பின் பலம் இந்தத் தசைகளைச் சார்ந்தது. கீழ்க்காலை உள்பக்கம் திருப்புவதும் இவைதான். இரண்டையும் எடுத்தவர்களுக்கு இந்த இரண்டிலும் பலக்குறைவு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. நடக்க, படியேற, குத்துக்காலிட்டு உட்கார அது பெரிதாகத் தெரியாது. எதிராளி காலைப் பிடித்து இழுக்கும்போது மடக்கித் திமிர வேண்டிய கபடிக்காரருக்குத் தெரியலாம். ஒரு ஆச்சரியம் என்னவென்றால், எடுத்த தசைநார் பலருக்குத் திரும்ப வளர்கிறது. பழைய இடத்தில் ஒட்டாமல் சற்று மேலே போய் ஒட்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் எத்தனை எடுத்தார்கள் என்பதைவிடக் கடைசியில் கிடைத்த தடிமன் என்ன என்பதே முக்கியம். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்கும் இந்தக் கயிற்றைக் கிராஃப்ட் என்பார்கள். எட்டு மி.மீ.க்குக் குறைந்த கிராஃப்ட் இளம் வயதினருக்கு மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் மருத்துவரிடம் இப்படிக் கேட்பேன்: “முதலில் ஒன்றை மட்டும் எடுத்து அளந்து பாருங்கள். எட்டு வரவில்லை என்றால் இரண்டாவதையும் எடுங்கள்.” இதற்குச் சம்மதிப்பவர்கள் நிறைய உண்டு. இரண்டு முறையிலும் கை பழகியவராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒன்றிலேயே பழகியவரை மற்றதைச் செய்யும்படி வற்புறுத்தாதீர்கள்.

இயற்கையான ஜவ்வு சுமார் 2,160 நியூட்டன் இழுவிசை தாங்கும், நாலு இழைக் கயிறு 4,000 நியூட்டன் தாங்கும் என்று கணக்குச் சொல்வார்கள். அது ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்த கணக்கு. உடம்புக்குள் வைத்த பிறகு கிராஃப்ட் முதல் சில மாதங்கள் பலவீனப்பட்டு, ரத்த ஓட்டம் பிடித்து, பிறகுதான் மெல்லத் தேறும். வலி போன மூன்றாம் மாதத்தில் “இரும்பு போல இருக்கிறது” என்று நினைத்து ஓடிப்பார்த்து அறுத்துக்கொண்டவர்கள் உண்டு.

மற்ற இடங்கள்? முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்புத் துண்டோடு எடுக்கும் முறை விளையாட்டு வீரர்களுக்கு மிக நல்லது. எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும். ஆனால் மண்டியிட்டால் வலிக்கும். நாள் முழுக்க மண்டியிட்டு டைல்ஸ் பதிக்கும் உங்களுக்கு அது வேண்டாம். சில்லுக்கு மேலே தொடைத் தசைநாரில் எடுப்பதில் அந்தத் தொல்லை குறைவு, நல்ல தடிமனும் கிடைக்கும். நண்பருக்கு எடுத்தது பெரோனியஸ் லாங்கஸ். தடிமன் நன்றாகவே இருக்கும். ஆனால் கணுக்காலை வெளிப்பக்கம் திருப்பும் தசை அது. உங்கள் எம்.ஆர்.ஐ.யில் உள்பக்க ஜவ்வும் சேர்ந்து கிழிந்திருந்தால் மட்டும் அதைத் தீவிரமாக யோசிக்கலாம். அப்போது உள்பக்கத்துக்குக் காவலாக நிற்கும் ஹாம்ஸ்ட்ரிங்கை, அதாவது தொடைப் பின்பக்கத் தசைநாரை, அதே காலில் பிடுங்குவது சரியில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு திசுப் பட்டையைச் சேர்த்துத் தைப்பது உண்டு. திரும்பித் திரும்பி ஆடும் 25 வயது வரையுள்ள 618 பேரிடம் ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்டோடு இதைச் சோதித்த முடிவு 2020-ல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் கிராஃப்ட் அறுந்தது பட்டை இல்லாதவர்களில் 11 சதவீதம், பட்டை சேர்த்தவர்களில் 4 சதவீதம். கபடிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றால், ஒன்றா இரண்டா என்ற கேள்வியைவிட இது பெரிய கேள்வி.

ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் ஷூவைக் காலால் கழற்றும்போதோ குனியும்போதோ தொடைக்குப் பின்னால் ‘பட்’ என்று ஒரு சுளுக்கு விழலாம். பெரும்பாலும் தசைநார் எடுத்த இடத்தில் ஒட்டியது விடுபட்டதுதான். மருத்துவரிடம் காட்டுங்கள், கிராஃப்ட் போய்விட்டது என்று நீங்களாகப் பதற வேண்டாம். டைல்ஸ் வேலைக்கு நான்கைந்து மாதம், கபடிக்குக் குறைந்தது ஒன்பது மாதம். ஒன்பதாம் மாதத்திலும் தொடை பலத்தை இரு காலிலும் ஒப்பிட்டு அளந்த பிறகே களத்தில் இறங்குங்கள்.

அதுவரை, அதாவது ஆபரேஷனுக்கு முன்பே, கபடியை நிறுத்துங்கள். கால் ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் உள்ளே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிய வாய்ப்பு உண்டு. முழங்காலை இப்போது முழுதாக நீட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் மாட்டி மூட்டு பூட்டிக்கொள்ளவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பின் இரண்டு மூன்று வாரம் பிசியோதெரபி செய்து காலை நேராக்கிக்கொண்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்குங்கள்.