நைட் அலவன்ஸை நம்பி பாண்டில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு வருடமாகத் தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கிறேன். மாதம் கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொண்டால், அதில் 72 நிலையான சம்பளம், மீதி 28 நைட் அலவன்ஸும் ஓவர்டைமும். கல்விக்கடன் பாக்கி ஒரு வருடச் சம்பளம் அளவுக்கு இருக்கிறது. வட்டி 11 சதவீதம், இன்னும் 5 வருடம், மாதத் தவணை 26. வீட்டுக்கு 20 அனுப்புகிறேன், என் செலவு 22. சேமிப்பு என்று இருப்பது இரண்டு மாதச் சம்பளம்தான். மருத்துவமனை தன் செலவில் பட்டப்படிப்பு படிக்க வைப்பதாகச் சொல்கிறது, அதற்கு 3 வருடம் அங்கேயே வேலை பார்ப்பதாக பாண்ட் (ஒப்பந்தப் பத்திரம்) கேட்கிறது. வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்சி ஒன்று, என் சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கேட்கிறது. கடனை அடைக்கவா, படிக்கவா, கிளம்பவா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: படியுங்கள், ஆனால் பாண்டை இப்போது இருக்கிறபடியே ஏற்காதீர்கள். கடனைக் கொஞ்சம் வேகமாக அடையுங்கள். ஏஜென்சிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். தவணை, வீடு, சொந்தச் செலவு மூன்றும் சேர்ந்தால் 68. நிலையான சம்பளம் 72. ஆக, நைட் பணத்தைத் தொடாமலேயே உங்களால் மாதத்தை ஓட்ட முடியும். நல்ல அடித்தளம் இது. ஆனால் கணக்குப்படி மாதம் 32 மிஞ்ச வேண்டுமே, ஆறு வருடத்தில் சேமிப்பு ஏன் 200-இல் நிற்கிறது? என்னிடம் வரும் செவிலியர்கள் பலரிடம் இதே ஓட்டையைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர நைட் முடித்து, அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைத்து (ஹேண்ட்ஓவர்), கடைசி நிமிடத்தில் ஒரு நோயாளிக்கு பிரஷர் இறங்கியதால் இன்னும் அரை மணி நேரம் நின்று, வெளியே வரும்போது பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தெம்பிருக்காது. சமைக்கவும் கை வராது. வண்டிக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் போகும் காசு 'என் செலவு 22' என்ற கணக்கில் ஏறவே ஏறாது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த நைட்டைச் சம்பாதிக்க ஆன செலவு அது. அடுத்த இரண்டு மாதம் அதைத் தனியாக எழுதி வையுங்கள். அப்போதுதான் 28-இல் உண்மையில் எவ்வளவு உங்களுடையது என்று தெரியும்.

நைட் பணத்துக்கு வேறொரு விலையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும், மறுபடி 2019-இலும், இரவு ஷிஃப்ட் வேலையைப் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த வருமானத்தை இருபது வருடத்துக்கு நம்பி நீண்ட காலச் செலவு எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நைட் பணம், முடிவு தேதி உள்ள வேலைகளுக்கே போகட்டும்.

அப்படி ஒரு வேலைதான் உங்கள் கடன். தவணையோடு மாதம் 10 கூடுதலாகக் கட்டினால் 60 மாதக் கடன் 40 மாதத்தில் முடியும். வட்டியில் மட்டும் சுமார் 125 மிச்சம், அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கூடுதலாகக் கட்டும்போது தவணையைக் குறைக்காமல் கால அளவைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். படிக்கும் காலத்தில் சம்பளம் 72-க்கும் கீழே போகும் என்றால் மட்டும் தவணையைக் குறைக்கச் சொல்வது நல்லது.

அடுத்து பாண்ட். இங்கேதான் நீங்கள் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். 3 வருடம் எப்போது தொடங்குகிறது? படிப்பு தொடங்கும் நாளிலிருந்தா, முடிந்த நாளிலிருந்தா? படிப்பு 2 வருடம் என்றால், அந்த ஒரு வரி உங்களை 5 வருடம் கட்டிப்போடும். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா? படிப்புச் செலவு 360, பாண்ட் 36 மாதம் என்று வையுங்கள். மாதம் 10 கழியும் என்று எழுதியிருந்தால் 24 மாதம் கழித்து விலகும்போது 120 கட்டினால் போதும். அப்படி எழுதவில்லை என்றால் கடைசி மாதத்தில் விலகினாலும் முழு 360-ஐயும் கேட்பார்கள். உண்மையான கட்டணத்துக்கு மேல் 'நஷ்ட ஈடு' என்று ஒரு தொகை எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். உடல்நலக் குறைவு, பிரசவம், மருத்துவமனையே வேலையை விட்டு நிறுத்துவது, இவற்றுக்கெல்லாம் விலக்கு வேண்டும். படிப்பு முடிந்ததும் எந்தப் பதவி, எவ்வளவு நிலையான சம்பளம் என்பதும் அதே தாளில் வரட்டும். வாய்வார்த்தை வேண்டாம். மூலச் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்கிறது.

'இதையெல்லாம் நான் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா' என்று தயங்க வேண்டாம். நீங்கள் பட்டம் வாங்குவதில் அவர்களுக்கும் லாபம் இருக்கிறது. செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழு ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் ஆய்வு செய்து 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், பட்டம் பெற்ற செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடும்போது அறுவை சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவதோடு தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். இன்னொன்று, உலகம் முழுக்க செவிலியர் பற்றாக்குறை 2023-இல் 58 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆறு வருட ஐசியூ அனுபவம் உள்ளவரை இழக்க எந்த நிர்வாகமும் லேசில் விரும்பாது. தைரியமாகப் பேசுங்கள்.

ஏஜென்சி விஷயத்துக்கும் இதே பற்றாக்குறைதான் பதில். ஆள் தேவைப்படுவது வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு. அப்புறம் நீங்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளர்களிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதே 1997-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கையின் பொதுவிதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. ஆனால் நல்ல ஏஜென்சியை அடையாளம் காண அதைவிட எளிய வழி இல்லை. செலவை வேலை கொடுப்பவர் ஏற்கிறாரா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி கேட்கும் அந்த 200 வேறெதுவும் இல்லை, உங்கள் அவசர நிதி. 68 செலவுக்கு அது கிட்டத்தட்ட மூன்று மாதம் தாங்கும். அதில் கை வைக்காதீர்கள்.

வெளிநாட்டு ஆசையை விட வேண்டியதில்லை. பட்டம் கைக்கு வந்தபின் அது இன்னும் எளிதாகும். நைட் பணத்தில் கடனுக்குப் போக மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு, உரிமத் தேர்வு, பதிவு, ஆவணச் சரிபார்ப்பு ஆகிய கட்டணங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்க்ளெக்ஸ் போன்ற தேர்வுகளுக்கு இடைத்தரகர் தேவையில்லை, நீங்களே பதிவு செய்யலாம். ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்களைப் பெரும்பாலும் 2 வருடம்தான் ஏற்பார்கள். பட்டப்படிப்பு நடக்கும்போதே அவற்றை எழுதிவிட்டால், விண்ணப்பிக்கும் நேரத்தில் மறுபடி கட்டணம் கட்டி எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாகக் காப்பீடு. நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலையில் முதுகு போவது சாதாரணமாக நடக்கிறது. விபத்திலோ நோயிலோ வேலை செய்ய முடியாமல் போனால் மாத வருமானம் தரும் பாலிசி ஒன்று எடுங்கள். முதுகு, மூட்டுப் பிரச்சினைகளை விலக்கியிருக்கிறார்களா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவமனை தரும் குழுக் காப்பீடு மட்டும் போதாது. வேலையை விடும் நாளோடு பெரும்பாலும் அதுவும் முடிந்துவிடும்.