டி-ஷர்ட்டுக்கு டிடிஜி பிரிண்டர்: விளம்பரத்தில் சொல்லாததைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கிறேன். இதுவரை வெளியே கொடுத்துத்தான் அச்சடித்து வாங்குகிறேன். வாரத்துக்கு முப்பது, நாற்பது பீஸ் ஓடுகிறது, பாதிக்கு மேல் கறுப்பு. சொந்தமாக ஒரு டிடிஜி பிரிண்டர் (சட்டைத் துணியிலேயே நேரடியாக இங்க் அடிக்கும் மெஷின்) போடலாம் என்றால் எல்லா விளம்பரத்திலும் ஸ்பீடும் ரெசல்யூஷனும்தான் இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: பாதிக்கு மேல் கறுப்பு என்கிறீர்களே, உங்கள் முடிவு அதில்தான் இருக்கிறது. கறுப்புத் துணியில் கலர் எடுத்துத் தெரிய அடியில் வெள்ளை இங்க் ஒரு படலம் விழ வேண்டும். அந்த வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. மற்ற கலர்களின் நிறமியைவிட கனமானது என்பதால் சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும், டியூபிலும், இங்க்கைத் துளித்துளியாகத் தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டிலும் போய் அடைத்துக்கொள்ளும். டிடிஜி மெஷினில் வரும் தொந்தரவுகளில் பெரும்பங்கு இந்த ஒரு இங்க்கால் வருவதுதான். அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஸ்பீடு இல்லை. வெள்ளை இங்க் மெஷினுக்குள் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்குமா, இல்லை தினமும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி நான் குலுக்க வேண்டுமா? ஹெட் கிளீனிங் தானாக நடக்குமா, அதற்கு ஒவ்வொரு தடவையும் எவ்வளவு இங்க் போகும்? நான்கு நாள் அச்சடிக்காமல் விட்டால் என்ன செய்ய வேண்டும்? ஹெட் போனால் மாற்ற எவ்வளவு, வாரண்டியில் ஹெட் அடங்குமா? இதற்கெல்லாம் நேராகப் பதில் வரவில்லை என்றால் அந்த இடத்தில் வாங்க வேண்டாம்.

ஸ்பீடு விஷயம்: விளம்பரத்தில் போடும் நேரம் பெரும்பாலும் வெள்ளைச் சட்டைக்கு, அதுவும் அச்சு விழும் நேரம் மட்டும். கறுப்புச் சட்டை என்றால் முதலில் பிரீட்ரீட்மென்ட் என்ற திரவத்தைத் துணியில் தெளிக்க வேண்டும், அதைக் காய வைக்க வேண்டும், வெள்ளை, அதன் மேல் கலர் என்று அடிக்க வேண்டும், கடைசியில் ஹீட் பிரஸ்ஸில் (சூடாக்கி அழுத்தும் மெஷின்) ஏறக்குறைய 160 முதல் 180 டிகிரி செல்சியஸில் இங்க்கை இறுக வைக்க வேண்டும். பிரீட்ரீட்மென்டில் இருக்கும் உப்புதான் வெள்ளை இங்க்கை இழைக்குள் இறங்க விடாமல் மேலேயே உறைய வைக்கிறது. குறைவாகத் தெளித்தால் வெள்ளை சாம்பல் அடித்துப்போகும், அதிகமானால் டிசைனைச் சுற்றிச் சதுரமாகக் கறை நிற்கும். ஆக, பிரிண்டர் விலையோடு ஹீட் பிரஸ், தெளிக்கும் மெஷின், டிசைனை பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆர்ஐபி சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரெசல்யூஷனுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்கு மேல் துணியின் நெசவே அந்த நுணுக்கத்தை விழுங்கிவிடும்.

அப்புறம், டெமோ பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். அவர்கள் சட்டையில் அவர்கள் டிசைனை அடித்துக் காட்டினால் எந்த மெஷினும் அழகாகத்தான் தெரியும். நீங்கள் விற்கும் அதே கறுப்புக் காட்டன் சட்டையையும், மெல்லிய வெள்ளை எழுத்தும் படிப்படியாக மங்கும் கலரும் உள்ள ஒரு டிசைனையும் கொண்டுபோங்கள். அச்சுக்கு முன் நாசில் செக் ஒன்று அடிக்கச் சொல்லுங்கள், ஹெட்டில் இங்க் வரும் சின்னத் துளைகள்தான் நாசில். சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக விழும், நடுவில் எங்காவது ஒரு கோடு விட்டுப்போயிருந்தால் அந்த நாசில் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை நாசிலையும் கறுப்புத் துணியில் அடிக்கச் சொல்லிப் பாருங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை. சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்தாறு தடவை துவைத்து, வெள்ளை கெட்டியாக விழுந்த இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் ஒன்று இங்க் சரியில்லை, அல்லது ஹீட் பிரஸ் போதவில்லை. எது என்று அவர்களே சொல்லட்டும்.

உங்கள் அளவுக்கு என் முடிவு: அந்த நாற்பது பீஸும் வாரம் முழுக்கப் பரவி, நான்கைந்து நாளாவது மெஷின் ஓடும் என்றால் வாங்குங்கள். ஒரே நாளில் அடித்து முடித்துவிட்டு மூடி வைக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், நீங்கள் வாங்கும் வெள்ளை இங்க்கில் நிறைய சட்டையில் விழாமல் கிளீனிங்கிலேயே போய்விடும்.

கேள்வி: பழைய மெஷின் குறைந்த விலைக்கு வருகிறது. சாதாரண ஃபோட்டோ பிரிண்டரை மாற்றிச் செய்த மெஷினும் கிடைக்கிறது. எது பரவாயில்லை?

பதில்: மாற்றிச் செய்ததை விட்டுவிடுங்கள். அந்த பிரிண்டர் வெள்ளை இங்க்குக்காகச் செய்யப்பட்டதே இல்லை, தயாரித்த கம்பெனியின் வாரண்டியும் போய்விடும். பழையது என்றால் பிரதர் ஜிடிஎக்ஸ், எப்சன் எஃப்2100 மாதிரி துணிக்காகவே வந்த மெஷினாகப் பாருங்கள். எத்தனை பிரிண்ட் ஓடியிருக்கிறது என்று மெஷினிலேயே காட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கடைசியாக எப்போது ஓடியது என்பது. மாதக்கணக்கில் சும்மா கிடந்திருந்தால் புது ஹெட்டின் விலையையும் சேர்த்துத்தான் அந்த மெஷினின் விலையைப் பார்க்க வேண்டும். அந்த மாடலுக்கு இங்க்கும் ஹெட்டும் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பாலியஸ்டர் ஜெர்சிக்கும் ஆர்டர் வருகிறது. அதையும் டிடிஜியில் அடிக்கலாமா?

பதில்: அதற்காக டிடிஜி வாங்காதீர்கள். இது காட்டனுக்கான வேலை. பாலியஸ்டரில் சூடு பட்டால் துணியின் சாயமே மேலே ஏறும், சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எழுத்து ரோஸாகிவிடும். ஜெர்சி ஆர்டருக்கு டிடிஎஃப் பொருத்தம்: ஃபிலிமில் அடித்து, பசைப் பவுடர் போட்டு, ஹீட் பிரஸ்ஸில் துணிக்கு மாற்றுவது. அதிலும் சாயம் ஏறும் துணி உண்டு, சூட்டைக் குறைத்து ஒரு பீஸில் சோதித்துப் பாருங்கள். கையில் தொட்டால் லேசாக பிளாஸ்டிக் படலம் தெரியும், டிடிஜி அளவுக்கு மெத்தென்று இருக்காது. ஃபிலிமை அச்சடித்தே வாங்கிக்கொள்ளலாம் என்பதால் இப்போதைக்கு ஒரு நல்ல ஹீட் பிரஸ் மட்டும் வாங்கினால் போதும், பின்னால் டிடிஜி போட்டாலும் அதே பிரஸ் உதவும்.