தீவன மூட்டையில் உள்ள எல்-லைசினை பாக்டீரியாவா தயாரிக்கிறது? அந்த பாக்டீரியாவும் மூட்டைக்குள் வருகிறதா?

ஆம், பாக்டீரியாதான் தயாரிக்கிறது. இரண்டாவது கேள்விக்கு, எந்த மூட்டை என்பதைப் பொறுத்துத்தான் பதில். பினாங்கில் நொதித்தல் துறையில் வேலை செய்கிறேன். நிபோங் திபால் பக்கம் கோழி வளர்ப்பவர்களும் இதையே கேட்கிறார்கள்.

லைசின் என்பது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. தீவனமாகும் மக்காச்சோளத்தில் அது குறைவு. அது போதாவிட்டால் மற்ற புரதச்சத்து எவ்வளவு கொடுத்தாலும் கோழிக்குச் சதை பிடிக்காது. அதனால் தனியாகச் சேர்க்கிறார்கள்.

தயாரிப்பது பெரும்பாலும் கொரினிபாக்டீரியம் குளுட்டாமிகம். மண்ணில் வாழ்வது, நோய் உண்டாக்காதது. அஜினமோட்டோ உப்புக்கான குளுட்டாமிக் அமிலத்தைத் தேடியபோது 1950களில் ஜப்பானில் கினோஷிட்டா குழுவினர் கண்டெடுத்தது.

இயல்பில் அது தன் தேவைக்கு மேல் லைசின் செய்யாது. லைசினும் திரியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் சேர்ந்ததும் அஸ்பார்ட்டோகைனேஸ் என்ற நொதி வேலையை நிறுத்திவிடும். தொட்டி நிரம்பியதும் மிதவை தண்ணீரை அடைப்பதைப் போல. அந்த அடைப்பை நீக்குவதுதான் முழு வித்தையும். முன்பெல்லாம் லைசினைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு நச்சுப்பொருளில் கோடிக்கணக்கான செல்களை வளர்த்து, பிழைத்தவற்றைப் பொறுக்கினார்கள். பிழைத்தவை பலவற்றில் அந்த நொதி மாறியிருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறு பழுதுகளும் சேர்ந்து, அவை மெதுவாக வளர்ந்தன.

2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். பயனுள்ள மூன்று மாற்றங்களை மட்டும் எடுத்துப் பழுதில்லாத இயற்கை வகைக்குள் வைத்தார்கள். ஒன்று அடைப்பை நீக்கியது, ஒன்று திரியோனின் பக்கம் போவதைக் குறைத்தது, மற்றொன்று மூலப்பொருளைப் பெருக்கியது. 33 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத்தொகுதியில் மாறியவை மூன்றே எழுத்துகள்! 27 மணி நேரத்தில் லிட்டருக்கு 80 கிராம் லைசின் கிடைத்தது. மரபணு மாற்றம் என்றாலே வேற்று உயிரின் மரபணுவைத் திணிப்பது என்று எண்ணுபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

தொட்டியில் கவனம் முழுவதும் காற்றின் மீதுதான். ஆக்ஸிஜன் குறைந்தால் சர்க்கரை லைசினாகாமல் லாக்டிக் அமிலமாகத் திரும்பிவிடும். திரவம் புளிக்கப் புளிக்க அம்மோனியா விடுகிறோம். அது புளிப்பையும் தணிக்கிறது, லைசினுக்கு வேண்டிய நைட்ரஜனையும் தருகிறது. சர்க்கரைக்கு மொலாசஸ் (ஆலைக் கழிவுப்பாகு) ஊற்றினால் நுரை பொங்கி மூடியைத் தொடும். இரவு வேலையில் கண்ணை எடுக்க முடியாது.

இப்போது மூட்டைக்கு வருவோம். ‘லைசின் ஹைட்ரோகுளோரைடு’ என்றிருந்தால் செல்களை நீக்கி, லைசினைப் பிரித்துப் படிகமாக்கியது. பருப்பில் உள்ள லைசினும் அதுவும் ஒன்றே. ‘லைசின் சல்ஃபேட்’ என்றிருந்தால் பெரும்பாலும் நொதித்த திரவத்தைச் செல்களோடு சேர்த்தே உலர்த்தியது, அந்தச் செல்களும் இறந்தவையே. அதில் லைசின் அளவு குறைவு என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே எடையில் கலக்காதீர்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் லைசின் விழுக்காட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.